இரண்டு புருவத்துக்கும் நடுவே

மூதூர் இறங்குதுறையில், கடல் வழியே திருகோணமலைக்குப் போகிற லோஞ்சுக்கு டிக்கட் கிழிக்கிற ஸெய்னுதீனுக்கு இருபத்தெட்டு வயதாகியும் ஒருவரின் கண்ணைப் பார்த்துக் கதைக்க வராது. ஜன்னலுக்கு ஆள் வந்தால் மேசையைத்தான் பார்ப்பான். “என்ன தம்பி, என்னோட கதைக்கிறீங்களா, மேசையோட கதைக்கிறீங்களா?” என்று கேட்காத பயணி இல்லை. தங்கமான பிள்ளை, ஆனால் பார்க்கிறவர்களுக்குக் கள்ளன் மாதிரித்தான் தெரியும். பாவம், என்ன செய்கிறது!

அறுபத்தாறாம் ஆண்டு நஜ்முன் நிஸா திருகோணமலையில் படிப்பிக்கப் போகத் தொடங்கினாள். திங்கள் காலையில் வாப்பாவோடு வருவாள். அவர் நிழலுக்கு ஒதுங்கிவிடுவார். ஜன்னலுக்கு அவள்தான் வருவாள்.

“இண்டைக்குக் கடல் எப்பிடி?” என்று கேட்பாள்.

“நல்லம்,” என்று இவன் மேசைக்குச் சொல்வான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று மூன்றாம் திங்களிலேயே முடிவெடுத்துவிட்டான். முகத்தைப் பார்க்காமலே எடுத்த முடிவு!

அவனுடைய கூட்டாளி அலியார் முடி வெட்டுகிறவன். அவனிடம் போய் இதைச் சொல்லி அழாத குறை.

“அட மடையா,” என்றான் அலியார். “கண்ணப் பாக்க ஏலாட்டி ரெண்டு புருவத்துக்கும் நடுவுல பாரு மச்சான். எதிர்ல நிக்கிறவனுக்கு வித்தியாசம் விளங்காது.”

அலியாரின் கண்ணாடியில் பழகினான். மீன்காரர்களிடம் பழகினான். பொலிஸ்காரரிடம்கூடப் பழகினான். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. அடுத்த திங்கள் தலையை நிமிர்த்தி, நஜ்முன் நிஸாவின் புருவ நடுவில் பார்வையை நிறுத்தி, “கடல் நல்லம், பயமில்லாமப் போங்க,” என்றான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள். வெட்கம் என்று நினைத்தான். பிறகு ஒவ்வொரு திங்களும் முக்காடு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. கடலைப் பற்றிக் கேட்பதும் நின்றுபோனது. இந்த மனிசனோ, வெட்கம் கூடக்கூட விருப்பம் கூடுகிறது என்று சந்தோசப்பட்டான்.

அந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவது. அதனால் அவனுடைய மூத்த சகோதரி மைமூனா ராத்தா, மா அரிக்கிற அரிதட்டு இரவல் கேட்கிற சாட்டில் அந்த வீட்டுக்குப் போய் விசயத்தைக் காதில் போட்டாள். இரண்டு நாள் கழித்துப் பதிலோடு வந்தாள்.

“வாப்பாக்கு நல்ல விருப்பம். புள்ளதான் ஏலாதெண்டு சொல்லிட்டா.”

“ஏன் ராத்தா?”

“சின்ன வயசில லாம்பு சுட்ட தழும்பு அவட நெத்தியில, புருவ நடுவுல இருக்குத்தானே? அதால ரெண்டு சம்மந்தம் தட்டிப் போச்சு. நீயும் அதையே உத்துப் பாத்தியாம். ‘முந்தி மேசையப் பாத்தாரு, அது எவ்வளவோ நல்லம். இப்ப என்ட தழும்பத் தவிர வேற ஒண்டையும் பாக்குறாரில்ல’ எண்டு அழுதாளாம்.”

தழும்பை அவன் கண்டவன்தான். அவன் பார்வைக்கு அது வழுக்குகிற இடத்தில் கால் வைக்கக் கிடைத்த கல் மாதிரி, அவ்வளவுதான். “உங்கட கண்ணப் பாக்கப் பயந்துதான் அங்க பாத்தனான்.” ஒரே ஒரு வசனம். ராத்தாவிடம் சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லவில்லை. திங்கள் காலைக்கென்று பாடமாக்கி வைத்தான். அவள் வந்தாள், முக்காடு புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது. இவன் மேசையைப் பார்த்தபடி டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தான். அடச்சீ, என்ன மனிசன்!

அடுத்த வருசம் அவளுக்குக் குறிஞ்சாக்கேணியிலிருந்து மாப்பிள்ளை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஸெய்னுதீன் கண்ணைப் பார்க்கப் பழகினான். இனி இழக்க என்ன இருக்கிறது என்று வந்தபின் பயமும் விட்டுப்போனது. வந்தவர் போனவர் எல்லாரையும் நேருக்கு நேர் பார்த்தான். அவள் அதற்குள் மாற்றலாகி வெளியூர் போயிருந்தாள்.

எண்பத்தோராம் ஆண்டு ஒரு பகல், ஜன்னலில் “ரெண்டு டிக்கட்,” என்று கேட்டது. அந்தக் குரல்தான். பக்கத்தில் உயரமான ஒரு மகள். ஸெய்னுதீன் நிமிர்ந்து நஜ்முன் நிஸாவின் கண்களைப் பார்த்தான். இலேசான மண்ணிறம். இடது கண் ஒரு பொட்டுச் சிறிது. பதினைந்து வருசத்துக்குப் பிறகு இப்போதுதான் காண்கிறான்.

“இண்டைக்குக் கடல் நல்லம்,” என்றான், அவள் கேட்காமலே.

அவளுடைய கை மேலே போய் முக்காட்டைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டது. மேசையைப் பார்த்தபடியே டிக்கட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.