ஒன்பது அடி இடப்பக்கம்

...நானூற்றுப் பன்னிரண்டாவது அடியா, பதின்மூன்றா, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தால் எண்ணிக்கை எப்படி நிற்கும், இந்தக் கல்லூரிப் பதிவாளரைவிட நிழலே பரவாயில்லை, அதுவாவது பேசாது. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் வருகிறார், அவள் ஓடிவிடுவாள் என்று நினைப்பு போல, அறுபத்தொரு வயதுத் தையல்காரி, வலது முழங்காலில் வலி பூனைபோல உட்கார்ந்து கடிக்கிறது, எங்கே ஓட? எண்ணிக்கை தவறினால் தவறட்டும், நடைதான் தவறக்கூடாது. அப்படித்தான் எழுதிவைத்துவிட்டுப் போனார் கப்பல்காரர், அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா, பாதி ஊரை வாங்கிப்போட்டு, கல்லூரி கட்ட இத்தனை நிலத்தையும் தானமாகக் கொடுத்தவர்... ‘என் ரத்தத்தில் வந்த ஒருவர் ஆண்டுக்கொருமுறை பகல் வெளிச்சத்தில் எல்லையை நடந்து சுற்றி வரவேண்டும், ஓராண்டு தவறினாலும் நிலம் யாரிடமிருந்து வந்ததோ அவர்களிடமே திரும்பட்டும்.’ யாரிடமிருந்து? அதை எழுதவில்லை மனிதர். நூற்றைம்பது வருஷமாகக் கல்லூரிக்கு வயிற்றில் புளி, குடும்பத்துக்குக் கால்வலி. இன்றோடு அதுவும் முடிகிறது, பதிவாளர் கக்கத்தில் இருக்கும் தாளில் அவள் கையெழுத்துப் போட்டால் நிபந்தனை ரத்து, இனி யாரும் நடக்க வேண்டாம், மகள் ஏற்கெனவே போட்டு அனுப்பிவிட்டாள், மிச்சம் இவள் ஒருத்திதான். காலையில் தொலைபேசியில்கூட, அம்மா, பேசாம போட்டுட்டு வா, செத்துப்போனவர் சொன்னார்னு இன்னும் எத்தன வருஷம் சுத்துவ? நியாயம்தானே. போட்டுவிட வேண்டியதுதான்.

எல்லையை விட்டுவைத்தா கட்டினார்கள், அந்தப் பக்கமும் நிலம் வாங்கிக் கட்டடமாக எழுப்பிவிட்டார்கள், கோடு இப்போது சைக்கிள் கொட்டகை வழியாக, விடுதிச் சமையலறையின் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக, வேதியியல் ஆய்வகத்தின் பின்கதவு வழியாகப் போகிறது, உள்ளே கண்ணாடிக் குழாயோடு நிற்கும் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். கதவருகில் அவள் தலையைக் குனிந்து, காலைத் தூக்கிவைத்து நுழைந்தாள், பதிவாளர் சிரித்துவிட்டார். “மேடம், எட்டடிக் கதவு, நீங்க ஏன் குனியறீங்க?” ஏனென்றால் குடும்பமே அப்படித்தான்... அப்பா குனிவார், அத்தை குனிவாள், நடக்கப் பழகும்போதே குனியப் பழக்கிவிடுவார்கள், யானை நுழையும் வாசலானாலும் தலை இறங்கும், கால் உயரும், இல்லாத நிலைப்படியைத் தாண்டும். மாமா வீட்டுக் கூட்டம் எப்போதும் கேலி செய்யும், உங்களுக்கு மட்டும் வானம் தலையில இடிக்குதோ? ஆனால் கப்பல்காரர் குனிந்தவரில்லை, படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இரும்புக் கம்பி விழுங்கிய கழுத்து, குதிரையிலிருந்து இறங்காமலே வீட்டுக்குள் போகும் அளவுக்கு வாசல் வைத்துக் கட்டியவர். அப்படியானால் குனியக் கற்றுக்கொடுத்தது யார்? அவர் மனைவியா? அவளுக்குப் படம் இல்லை. குடும்ப ஏட்டில் எல்லா மருமகளுக்கும் தகப்பன் பெயர், ஊர், குலம் எல்லாம் இருக்கிறது, அவளுக்கு மட்டும் ‘மனைவி’ என்று ஒரே சொல்.

வாசிப்பறை வந்துவிட்டது. இங்கேதான் அந்தக் கோணல். இவ்வளவு நேரம் நூல் பிடித்ததுபோல் வந்த எல்லை இங்கே திடீரென்று ஒன்பது அடி இடப்பக்கம் திரும்பும், பன்னிரண்டு அடி நேராகப் போகும், மறுபடி ஒன்பது அடி வலப்பக்கம் வந்து பழைய கோட்டைப் பிடிக்கும், சட்டையில் பை வைக்க விட்ட இடம்போல ஒரு நீள்சதுரம், அதை மட்டும் கப்பல்காரர் தானத்தில் சேர்க்கவில்லை. அங்க கிணறு இருந்தது என்பார் அப்பா, கெணறாவது, மரம்டி என்பாள் அத்தை, இரண்டு பேருமே அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சுத்திப் போ, உள்ள மிதிக்காத, அவ்வளவுதான் பாடம். இப்போது அதன்மேல் இரண்டு மேசை, ஆறு நாற்காலி, பரீட்சை நேரமானதால் அறை நிரம்பி வழிகிறது, தரையில்கூடப் பிள்ளைகள், அந்த ஆறும் காலி. நூலகர் அம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள், “ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம்தான், ஆனா ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க. கேட்டா, யாரோ வீட்டுக்குள்ள போய் உக்காந்த மாதிரி இருக்காம்.” பிள்ளைகளுக்குச் சாக்குக்கா பஞ்சம்... முழங்கால் சுரீர் என்றது. சுற்றினால் முப்பது அடி, நேரே போனால் பன்னிரண்டு. கடைசி நடைதானே, இனி யார் கேட்கப் போகிறார்கள்? பயமாகத்தான் இருந்தது, சொல்ல என்ன வெட்கம். அவள் நேரே நடந்தாள்.

முதல் அடியிலேயே தலை குனிந்தது, கால் உயர்ந்தது. சமதரை, நாலு பக்கமும் திறந்த இடம், கதவும் இல்லை ஒன்றும் இல்லை, அவளாகக் குனியவில்லை, ஆனாலும் அந்தக் குனிவு இங்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது, அறுபத்தொரு வருஷமாக ஊர்க் கதவுகளிலெல்லாம் தொளதொளவென்று கிடந்த குனிவு. முழங்கால் வலி எங்கே? மின்விசிறிச் சத்தம் எங்கோ வெளியே கேட்டது. வலது கை தானாக நீண்டு எதையோ எடுக்கப் போனது, விளக்கா, கரண்டியா, கைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியவில்லை. “மேடம், அப்படிப் போகக்கூடாதே, இந்தப் பக்கம் வாங்க,” பதிவாளர் கோட்டுக்கு அந்தப் பக்கம் தவித்தார். அவள் வாய் சொன்னது, “ஏன் வெளியவே நிக்கறீங்க, உள்ள வாங்க.” சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அவர் விறைப்பாக ஓரடி வைத்து உள்ளே வந்தார், சட்டென்று நின்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், எதில் இடித்தோம் என்று அண்ணாந்து பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை.

அப்படியென்றால்... கிணறுமில்லை, மரமுமில்லை, தாழ்ந்த வாசல் வைத்த ஒரு வீடு, இங்கே குனிந்து குனிந்து வளர்ந்த ஒரு பெண், வீடு போனபிறகு, குதிரை நுழையும் வாசலிலும் குனிந்த அந்தப் பெயரில்லாத மனைவி, பெற்ற பிள்ளைகளுக்கு அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போனவள்... வேறு என்ன இருந்தது கொடுக்க? கப்பல்காரருக்குத் தெரியும். தெரிந்துதான் பெயரை எழுதாமல் விட்டாரா, யாரிடமிருந்து வந்ததோ அவர்களிடமே என்று? அப்பாவுக்கும் தெரியுமா, அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? பதிவாளர் ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டே தாளை மேசைமேல் விரித்தார், பேனாவைத் திறந்து நீட்டினார். வாங்கினாள். கையெழுத்துக்குக் கோடு போட்ட இடம் காலியாக இருந்தது.

“யார் பேர்ல போடணும்?”

“உங்க பேர்லதான் மேடம். வேற யார் பேர்ல?”

அதைத்தான் அவளும் கேட்டாள்.