இடப்பக்கம் சாயும் படகு

பாகான் டத்தோ ஆற்றுமுகத்தில் பழைய மரப்படகுகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பெரிய கூட்டமில்லை. ஒரு கூடாரம், ஐஸ் கச்சாங் வண்டி, ஒலிபெருக்கியில் மலாய்ப் பாட்டு. கலாதேவி வேறெதையும் பார்க்கவில்லை. கைப்பைக்குள் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே நேராகக் கடைசிப் படகுக்குப் போனாள்.

"இதுதான்டா நம்ம அப்பா போட்."

தம்பி அர்ச்சுனன் ஈப்போவில் லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போன எரிச்சல் இன்னும் தீரவில்லை.

"நீலப் பெயிண்ட் அடிச்சதெல்லாம் அப்பா போட்டா? முன்னால கண்ணு வரைஞ்சிருக்கு பாரு. நம்ம போட்ல விபூதிப் பட்டைதானே?"

"பட்டைய அழிச்சிட்டுக் கண்ணு போட்டிருப்பான்லா."

அப்பா பிச்சைமுத்து, தெலுக் இந்தானுக்கு எதிர்க்கரையில் இருந்த ரப்பர் தோட்டத்தின் படகோட்டி. பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகும் பெண்களும் பிரசவ வலி கண்டவர்களும் அவர் படகில்தான் ஆற்றைக் கடந்தார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், படகை யாருக்கோ விற்றார்கள். அப்பாவுக்கு உருப்படியான ஒரு படம்கூட வீட்டில் இல்லை. அடையாள அட்டையில் இருந்த முகம் வேறு யாரோ மாதிரி இருக்கும். மிஞ்சியிருந்தால் அந்தப் படகுதான் மிஞ்சியிருக்க வேண்டும்.

"சரி, எப்படிக் கண்டுபிடிப்ப?"

"தண்ணில இறக்கட்டும். சாஞ்சா நம்மளது."

படகு இடப்பக்கம் சாயும் என்பது தோட்டத்துக்கே தெரியும். படகு செய்த ஆசாரி கள்ளைக் குடித்துவிட்டு அளந்திருக்கிறான் என்று அப்பா திட்டுவார். அதனால் தோட்டத்திலேயே கனத்த உடம்புக்காரியான ராக்காயிக்கு வலப்பக்கப் பலகை நிரந்தரம். அவள் வராத நாளில் அரிசி மூட்டை.

"ராக்காயி, தள்ளி ஒக்காரு! இல்லாட்டி எல்லாரும் மொதலைக்குத்தான்!"

"மொதல்ல ஒன் தொப்பையக் கரையில எறக்கி வெச்சிட்டு வாய்யா!"

படகே சிரிக்கும். அப்பாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பார்.

நீலப் படகின் சொந்தக்காரர் ஒரு சீன முதலாளி, ஊரார் வாயில் தாவ்கே, நல்ல பருமன். பழைய மீனவர் ஒருவரிடம் வாங்கினாராம், அதற்கு முன்னால் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் நீர் ஏறியதும் படகுகளை இறக்கினார்கள். ஏறலாமா என்று அர்ச்சுனன் மலாயில் கேட்டான். "போலே, போலே," ஏறலாம் என்று தாவ்கே கைகாட்டினார்.

அவருடைய ஒல்லி மகன் சுக்கான் பிடித்தான். படகு சிமெண்டுத் தரை மாதிரி நேராகப் போனது. கலாதேவியின் முகம் தொங்கிவிட்டது.

நடு ஆற்றில், மகன் ஓட்டுகிற விதம் தாவ்கேக்குப் பொறுக்கவில்லை. மகனை முன்னால் துரத்திவிட்டு, தானே சுக்கானைப் பிடித்து இஞ்சின் பெட்டிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். வலப்பக்கம் புகைக்குழாய், எந்தப் படகோட்டியும் அங்கே உட்கார முடியாது.

படகு இடப்பக்கம் சாய்ந்தது.

கலாதேவி யோசிக்காமல் வலப்பக்கப் பலகைக்கு நகர்ந்தாள். திரும்பிப் பார்த்தால் அர்ச்சுனனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அவன்தான் முதலில் சிரித்தான். "அக்கா, போட் கோணல் இல்லக்கா. அப்பாதான் குண்டு."

"ராக்காயிக்கா அப்பவே சொன்னிச்சேடா!"

"ஆசாரிக்கு வீணா எத்தனை ஏச்சு!"

சிரித்து ஓய்ந்தபின் அவன் மெதுவாகச் சொன்னான்: "அப்படிப் பார்த்தா எந்த போட்டும் சாயும்லா. இது அப்பாவோடதுன்னு சொல்ல முடியாது."

"தெரியும்."

படகு துறைக்கட்டையை நெருங்கியது. ஆயுத பூஜையன்று தோட்டத்து லாரிகள் டயரில் எலுமிச்சம்பழம் நசுக்கும். படகுக்கு ஏது டயர்? அப்பா பழத்தைத் துறைக்கட்டைக்கும் படகுக்கும் நடுவில் பிடிப்பார், தண்ணீரே படகை மோதவிட்டு நசுக்கும். கடைசி நொடியில் கையை இழுத்துக்கொள்வார். கலாதேவியும் அப்படியே செய்தாள். புதுப் பெயிண்டில் சாறு வழிந்தது.

"ஹோய்!" என்றார் தாவ்கே.

"செம்பாயாங், தாவ்கே," என்றான் அர்ச்சுனன். சாமி காரியம் என்றதும் அவர் தலையாட்டிவிட்டார்.

"வேற எவன் போட்டாவோ இருந்தா என்னாக்கா பண்றது?"

"எவனோடதா இருந்தாலும் நல்லா ஓடட்டும்."

தாவ்கே எழுந்து கரையேறினார். அக்காளும் தம்பியும் நகரவில்லை. படகு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.