ரெண்டு ஷேடு ஏத்திவிடு

“இது வேணாம்மா. இன்னும் ரெண்டு ஷேடு ஏத்திவிடு” என்று சொல்லிக்கொண்டே தபீதாள் டீச்சர் என் மேக்கப் பெட்டிக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே வெளுத்த பவுண்டேஷன் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தார். முடிச்சூர் ரோட்டு மண்டபத்தில் மணமகள் அறை. மணி ஐந்து, ஆறரைக்கு ரிசப்ஷன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய புது மருமகள் ஜெரூஷா எதிரே இருந்த கண்ணாடியைப் பார்க்காமல், மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “காலையில சர்ச்சுக்குப் போட்டாப்லயே இருக்கட்டும். கழுத்தை விட்டுடாத, காதுக்குப் பின்னாடியும் போடு. என்கூட வேலை பார்த்த டீச்சருங்க அத்தனை பேரும் வராங்க” என்று சொல்லிவிட்டு டீச்சர் சாப்பாட்டு ஹாலைப் பார்க்கப் போனார். என் பெட்டியில் அடுத்தவர் கை வைத்தால் எனக்கு ஆகாது. தாம்பரத்தில் பார்லர் போட்டுப் பன்னிரண்டு வருஷமாகிறது, எத்தனையோ மாமியார்களை வாசலோடு நிறுத்தியிருக்கிறேன். இந்த அம்மாவை மட்டும் நிறுத்தவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு “சரிங்க டீச்சர்” என்றேன்.

அவருக்கு என்னை ஞாபகமில்லை. எனக்கு அவருடைய மூக்குக் கண்ணாடிச் சங்கிலி வரை ஞாபகம் இருக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் மூத்த மகன் ஜெர்சனுக்காகப் பம்மலில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். என் அப்பா அப்பாதுரை அப்போது தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசர். அன்றைக்குத் தோல் வாடை போக மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, வந்தவர்களிடமிருந்து தள்ளியே உட்கார்ந்திருந்தார். டீச்சர்தான் ஜெபம் பண்ணி ஆரம்பித்தார். என்னை ஒரு வசனம் சொல்லச் சொன்னார், சொன்னேன். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் கேசரி சாப்பிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும் நேரத்தில் டீச்சர் சமையலறைக்குள் வந்து என் அம்மாவின் தோளில் கை போட்டு, ரொம்பப் பாசமாகச் சொன்னார்: “பொண்ணு குணமெல்லாம் தங்கம்தாங்க. ஆனா எங்க வீட்டுல எல்லாரும் நல்ல செவப்பு. நாளைக்கு ஃபேமிலி போட்டோன்னு நின்னா இது மட்டும் தனியா தெரியுமே.” நான் கதவுக்குப் பின்னால் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். ரெண்டு நாள் கழித்து போன் வந்தது, கர்த்தருக்குச் சித்தமில்லையாம். என் நிறத்துக்குக் கர்த்தர் மேல் பழி! அதற்குப் பிறகு ஆறேழு மாதம் அம்மா என் முகத்தில் பூசாத மாவு கிடையாது. கடலை மாவு, பயத்தம் மாவு, முல்தானி மட்டி. நானும் கண்ணை மூடி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டீச்சர் இளைய மகன் ஜாய்சனின் கல்யாணத்துக்காக ஜெரூஷாவைக் கூட்டிக்கொண்டு பார்லருக்கு வந்தார். லவ் மேரேஜ். பெண் என்னைவிட ஒரு பிடி கறுப்பு. பெரிய கண், சிரித்தால் அவ்வளவு அழகு. டீச்சர் அவளுடைய தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டு, “இதை என்ன பண்ண முடியும்னு பாரு” என்றார். அந்த நிமிஷத்தில் முடிவு பண்ணினேன். இதை என்ன பண்ண முடியும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பவுடர் இருக்கிறது. வெள்ளை வெளேர் என்று, ஊதினால் பறக்கும். தடவினால் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது, முகம் பட்டாக இருக்கும். கேமரா ஃபிளாஷ் அடித்தால்தான் தெரியும், பூசிய இடமெல்லாம் பளீரென்று வெளுத்து மூஞ்சி மட்டும் மிதக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் தெரியாத்தனமாக ஒரு பெண்ணுக்குப் போட்டுவிட்டு அவள் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அதைத் தொட்டதில்லை. இந்தக் கல்யாணத்துக்காகப் புதிதாக ஒரு டப்பா வாங்கினேன். காலையில் சர்ச்சில் வெளிச்சம் இருக்கும், ஃபிளாஷ் அவ்வளவு இருக்காது. ரிசப்ஷன்தான் சரி. மேடையின் பின் ஓரத்திலேயே பெரிய எல்.ஈ.டி. ஸ்கிரீன், எடுக்கிற போட்டோ அப்போதைக்கப்போது அதில் விழும் என்று போட்டோகிராபர் அரிகிருஷ்ணன் சொல்லியிருந்தான். வெள்ளை மருமகள்தானே வேண்டும், ஊரே பார்க்கட்டும் என்று மூன்று வாரமாக இதையே நினைத்துக்கொண்டு தூங்கினேன், நன்றாகத் தூக்கம் வந்தது.

டீச்சர் போனதும் டப்பாவை எடுத்துத் திறந்தேன். பிரஷ்ஷை அதில் முக்கும்போது ஜெரூஷா தலையைத் தூக்காமலே பேசினாள்.

“காலையில எங்கப்பா என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டினு போனாருல்லக்கா. ஆல்டர் வரைக்கும் என் கையையே பார்த்துட்டு வந்தாரு. மூஞ்சைப் பார்க்கவே இல்ல.”

“ஏன்?”

“மூஞ்சைப் பார்த்தா யாரோ மாதிரி இருந்துச்சாம். கைதான் என் பொண்ணு கையின்னு சொல்லி மத்தியானம் அழுதாரு.”

நான் பிரஷ்ஷைத் தட்டிக் கீழே வைத்தேன். அந்தக் கையில் மருதாணி கறுத்துப் போயிருந்தது. என் கைக்குப் பக்கத்தில் அவள் கை, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. யாருக்கு வைத்த பழி, யார் தலையில் கொட்டப் பார்த்தேன்! எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. டீச்சர் திணித்த பாட்டிலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, என் முகத்துக்கு நான் பூசிக்கொள்கிற பவுண்டேஷனை எடுத்தேன். கண்ணுக்குப் பார்த்துப் பார்த்து மை எழுதினேன். கன்னத்து மேட்டில் கொஞ்சம் பொன் மினுக்கு. முடித்ததும் அவள் கண்ணாடியைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். “அத்தை திட்டுவாங்கக்கா” என்று சொல்லிச் சிரித்தாள்.

திட்டத்தான் திட்டினார். ஆறு மணிக்கு வந்து பார்த்ததும் டீச்சரின் முகம் சுருங்கியது. “என்னம்மா இது? நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணி வச்சிருக்கே?”

“ஸ்டேஜ் லைட்டுல தானா ரெண்டு ஷேடு ஏறும் டீச்சர். போட்டோல பாருங்க” என்று கூசாமல் பொய் சொன்னேன். “உக்காருங்க, உங்களுக்கும் ஒரு டச்சப் பண்ணிவிடுறேன். மூக்கெல்லாம் எண்ணெய் வழியுது.”

அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் கொடுத்தார். அம்மா முன்னால் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த வெள்ளைப் பவுடர் டப்பாவைத் திறந்து லேசாக ஒரு கை போட்டேன். போதும் என்று தோன்றியது. மனசு கேட்காமல், “பம்மல்ல தோல் ஷாப் அப்பாதுரை வீட்டுக்கு ஒரு தடவை வந்திருக்கீங்க டீச்சர்” என்றேன்.

“பம்மலா? பம்மல்ல எங்களுக்கு யாரையும் தெரியாதேம்மா.”

ஞாபகம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துடைத்திருப்பேன், சத்தியமாக. ரெண்டாவது கை போட்டேன். நெற்றி, மூக்கு, தாடை, காதுக்குப் பின்னாடி வரைக்கும். கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தவர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். “அட, பட்டு மாதிரி இருக்கே! என் வயசே தெரியல.”

“போட்டோக்கு நிக்கும்போது தாடையைக் கொஞ்சம் தூக்கிக்குங்க டீச்சர். லைட் நல்லா விழும்.”

ஏழரை மணி போல ஃபேமிலி போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். நடுவில் மணமக்கள். ஜாய்சனுக்குப் பக்கத்தில் தொப்பை போட்டிருந்த ஜெர்சன், அவர் மனைவி. ஜெரூஷாவுக்குப் பக்கத்தில் டீச்சர், நான் சொன்னபடியே தாடையைத் தூக்கிக்கொண்டு. ஃபிளாஷ் அடித்தது. அரிகிருஷ்ணன் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தான், அப்புறம் மேடையோரம் நின்ற என்னிடம் ஓடி வந்தான்.

“இன்னாக்கா இது, மாமியாரம்மா மூஞ்சி சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது! ஃபோட்டோல அவங்க மட்டும் தனியா தெரியறாங்க. ஸ்கிரீன்ல வேற ஓடிக்கினு கீது. சட்டுனு தொடச்சி வுடுக்கா.”

என் கையில் ஈரத் துணி தயாராகத்தான் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. நாளைக்கு இந்தப் பெண் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும் என்றும் நினைத்தேன். மேடையில் ஜெரூஷா ஸ்கிரீன் பக்கம் லேசாகத் திரும்பினாள், பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாக முன்பக்கம் திரும்பி நேராக நின்றுகொண்டாள்.

“லைட்டு அப்படிப்பா. நீ எடு” என்றேன்.

ஸ்கிரீனுக்கு டீச்சர் முதுகைக் காட்டி நின்றார். கீழே மூன்றாவது வரிசையில் ரிட்டயர்டு டீச்சர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் தூக்கினார்கள், ஒருவர் கைப்பையில் இருந்து போனை எடுத்தார். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து டீச்சரும் சிரித்துத் தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கினார். ஃபிளாஷ் மறுபடியும் அடித்தது.