ஆறுவதற்குள்

விரலால் அழுத்திய குழி மெதுவாக மேலெழுந்து மறைந்தது. இன்னும் கால் மணி நேரம் வேண்டும் என்று அவன் ஈரத்துணியை மாவின் மேல் மறுபடி போர்த்தினான். பிசைந்த கையோடு மாவுக்குள் ரப்பர் மாதிரி ஒரு முறுக்கு ஏறியிருக்கும். உடனே தேய்த்தால் விரித்த விரிப்புக்கு நிற்காமல் சுருங்கிப் பழைய அளவுக்கே வந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டால் தானாகத் தளர்ந்து கொடுக்கும். பதினோரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு, எது எதை இழுக்கிறது, எது எதைத் தாங்குகிறது என்று தெரியாமல் ஒரு பொருளைத் தொடவே கை வராது. இந்த விருந்துக்காக மூன்று வாரம் வீடியோக்களை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்திருந்தான். சர்வீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் நிமிடக் கணக்கோடு குறிப்பெடுத்து, அலமாரிக் கதவில் வரிசையாக ஒட்டியிருந்தான். நசுக்கிய வெள்ளரிக்காயை வினிகரில் ஊறப்போடுவது, சோயா சாஸில் கத்தரிக்காயை வதக்குவது, டோஃபு பொரிப்பது, கையால் வெட்டும் நூடுல்ஸ். எல்லாவற்றுக்கும் நடுவில் கொட்டை எழுத்தில், சூப் அடைத்த சீனக் கொழுக்கட்டை, டம்ப்ளிங்.

சாப்பிட வருகிறவர்கள் இரண்டே பேர். பஸ் டிரைவரான நண்பனும் அவன் மனைவியும். நண்பனுக்குக் குரல் பெரிது, அதனால் எல்லாருக்கும் அவன் 'ஹார்ன்'. அவன் மனைவி நர்ஸ். கறி மீன் தொடாதவள். ஏழு வருடத்துக்கு முன்னால் இவனையும், இப்போது இவன் மனைவியாக இருப்பவளையும் ஒரு டீக்கடையில் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, போன் வந்த மாதிரி நடித்து வெளியே போனவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஆகவே இருவரும் பிரியப்போகிற சேதியையும் அவர்களுக்கு நம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று மனைவி சொன்னபோது அவனால் மறுக்க முடியவில்லை. "வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம். நானே சமைக்கிறேன்" என்றான். "நிம்மதியா சாப்பிடட்டும். கடைசியா இனிப்பு வச்சப்புறம் சொல்லிடலாம்." அவளும் சரி என்றாள். ஒன்றாம் தேதி அவள் கிளம்புகிறாள். கட்டிலுக்கடியில் பெட்டி பாதி நிரம்பியிருந்தது.

மத்தியானம் வேலை முடிந்து வந்தவள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. மெழுகில் பல்லைச் செதுக்கிப் பழகிய அந்த விரல்கள், அவன் தேய்த்துத் தந்த முதல் வட்டத்திலேயே பதினெட்டு மடிப்பை ஒரே அளவில் வைத்துச் சுருக்கி முடித்துவிட்டன. அவன் மடித்தது சாலையில் நசுங்கிய தொப்பி மாதிரி இருந்தது.

"இதுக்குள்ள சூப்பை எப்படி ஊத்துவாங்கன்னு யோசிச்சியா?" என்றான்.

"நீ சொல்லு."

ஒரு காலத்தில் அந்த 'நீ சொல்லு'வோடு தலை ஒரு பக்கம் சாயும், கண் விரியும். இப்போது வாடிக்கையாளரின் போனை எடுக்கிற குரலில் வந்தது. ஆனாலும் அவன் சொன்னான். சூப்பை ஊற்றவே வேண்டாம். கட்டியாக்கி வைத்துவிட்டால் போதும். எலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்தச் சாறு தானே உறையும்; நர்ஸுக்காக இவன் காய்ந்த காளானை வேகவைத்த சாற்றில் கடல்பாசியைக் கரைத்து உறைய வைத்திருந்தான். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி மாவுக்குள் வைத்து ஆவியில் வேகவிட்டால் உள்ளேயே உருகிச் சூப்பாகிவிடும்.

"ஆனா கடல்பாசியில ஒரு வினோதம் இருக்கு. உறையறதுக்கு நாப்பது டிகிரிக்கு வந்தா போதும். அதையே திரும்ப உருக்கணும்னா எம்பத்தஞ்சுக்கு ஏத்தணும். வந்த வழியில திரும்பிப் போகாது. அதனால தட்டுல வச்ச உடனே சாப்பிட்டுடணும். ஆறிட்டா உள்ளயே மறுபடி கட்டியாயிடும்."

"ம்" என்று அவள் அடுத்த வட்டத்தை எடுத்தாள்.

அந்த 'ம்' எங்கிருந்து தொடங்கியது என்பது அவனுக்குத் தெரியும். போன வருடம், கர்ப்பத்தின் நாலாவது மாதத்தில், ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்து பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தங்காது என்று டாக்டர் சொன்னது அவளுக்குப் புரியவில்லையோ என்று அவன் ஸ்கேன் உறையைத் திருப்பி, பேனாவை எடுத்துப் படம் போட ஆரம்பித்தான். இதோ இது ஒரு செல், இது இரண்டாகப் பிரியும்போது ஒரு துண்டு கூடுதலாக ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும், நூற்றில் இத்தனை பேருக்கு நடக்கிறது, யார் மேலும் தப்பில்லை. சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாதம் கழித்து ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள், சண்டையோ கோபமோ இல்லாத குரலில் சொன்னாள்: "அன்னிக்கு நீ பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா போதும்."

ஆறு மணிக்கு வெங்காயத்தாள் எடுக்க அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். ஒவ்வொரு தட்டாகக் கண்ணை ஓட்டினாள்.

"இனிப்பு எங்க?"

அவன் வெள்ளரிக்காயைக் கத்தியின் பட்டையால் ஓங்கி நசுக்கினான். "நேரம் பத்தல."

அவள் அலமாரிக் கதவைப் பார்த்தாள். நூடுல்ஸ் தண்ணீரை எந்த நிமிடத்தில் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பதுகூட அங்கே இருந்தது. எந்தத் தாளிலும் இனிப்பு இல்லை. மூன்று வாரமும் அவன் அதை எழுதவே இல்லை. இனிப்பு வராவிட்டால் அந்தப் பேச்சும் வராது, இன்று வராவிட்டால் நாளைக்கும் வராமல் போகலாம் என்று ஒருவன் நம்பியிருக்கிறான். மோட்டார் எரிந்துபோன லிஃப்டுக்குள் நின்று பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டே இருக்கிற ஆளைப்போல. அவள் ஃப்ரிட்ஜ் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதற்குள் அழைப்புமணி அடித்தது.

"அடப்பாவி, படிக்கட்டு வரைக்கும் மணக்குதேடா!" என்று ஹார்ன் உள்ளே வரும்போதே கூரை அதிர்ந்தது. "எங்க வீட்ல எனக்கு முட்டை அவிக்கவே தெரியாது. இவன் என்னடான்னா ஓட்டலே வச்சிட்டான்."

"முட்டை அவிக்கத் தெரியாதுன்னு பெருமையா வேற சொல்லிக்கோங்க" என்றாள் நர்ஸ். "அண்ணா, இந்த மனுஷனுக்கு ஒருநாள் ட்ரெயினிங் குடுங்க. பாத்திரம் கழுவறதுல இருந்து ஆரம்பிங்க, போதும்."

வெள்ளரிக்காய் காலியானது. டோஃபுவை ஹார்ன் ஒருவனே பாதி முடித்தான். நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்குள் ஒரு அசட்டுத் தைரியம் ஊறியது. எழுந்து போய் டம்ப்ளிங் தட்டை ஆவி பறக்கக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். கோஸ் இலையின் மேல் பன்னிரண்டு, உள்ளே சூப்பு கனத்துத் தொங்க, தொட்டால் குலுங்கின.

"இது என்னடா மச்சான், சுருக்குப்பையா? உள்ள காசு இருக்கா?"

"கரண்டியில வச்சு, ஓரத்துல சின்னதா கடிச்சு, முதல்ல சூப்பை உறிஞ்சணும். உடனே சாப்பிடணும், ஆறக்கூடாது."

"டம்ப்ளிங்குக்கே இந்தப் பாடம்னா, இனிப்புக்கு என்ன வச்சிருக்கியோ?"

"இனிப்பு இல்லண்ணா" என்றாள் அவள்.

சிரித்த முகம் மாறாமலேதான் சொன்னாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இனிப்பு வச்சப்புறம் சொல்றதா இருந்துச்சு. இல்ல, அதனால இப்பவே சொல்லிடறேன். ஒண்ணாந்தேதி நான் கிளம்பறேன், அக்கா இருக்கற ஊருக்கு. அங்க ஒரு லேப்ல வேலை கிடைச்சிருக்கு. திரும்பி வரமாட்டேன். சண்டை கிண்டை ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான்."

சேர்ந்து என்று சொல்லும்போது அவனைப் பார்த்தாள். தலையாட்ட வேண்டிய முறை அவனுடையது. அவன் தலையாட்டினான்.

"என்னடி சொல்ற?" நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், நாடி பார்க்கிற மாதிரியே. "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க உன்கூட இருந்தேனேடி."

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா என்னால போக முடியாது."

யாரும் தட்டைத் தொடவில்லை. ஆவி முதலில் நேராக எழுந்தது, பிறகு மெலிந்தது, பிறகு அது இருக்கிறதா என்பதற்கு உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. அறுபது இருக்கும், ஐம்பது இருக்கும் என்று அவன் மனம் தன்னால் எண்ணிக்கொண்டு போனது. நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"மச்சான்" என்றான் ஹார்ன். ஏழு தெருவுக்குக் கேட்கிற குரல், மேஜையின் மறுபக்கத்துக்கு வந்து சேரவே சிரமப்பட்டது. "நீ ஏதாவது சொல்லுடா. எதுக்கெடுத்தாலும் ஒரு மணி நேரம் பேசுவியே."

அவன் வாயைத் திறந்தான். "அது வந்து..." என்றான். மூடிக்கொண்டான்.

என்ன செய்வதென்று தெரியாமல் ஹார்ன் சொல்லிக்கொடுத்தபடி செய்ய ஆரம்பித்தான். ஒன்றை எடுத்துக் கரண்டியில் வைத்தான், ஓரத்தில் சின்னதாகக் கடித்தான், உறிஞ்சினான். எதுவும் வரவில்லை. மறுபடி உறிஞ்சிப் பார்த்தான். பிறகு முழுதாக வாயில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு நிதானமாக மென்றான்.

"நல்லா இருக்குடா" என்றான். கண் நிறைந்திருந்தது.

அவள்தான் தட்டைக் கையில் எடுத்தாள்.

"கட்டியாயிடுச்சா?"

"ம்."

"திரும்ப ஆவியில வச்சா உருகுமா?"

உருகும். ஆனால் ஒருமுறை வெந்த தோல் இரண்டாவது ஆவியில் ஊதி இளகிவிடும். இலையோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது மடிப்பின் அடியில் கிழியும், சூப்பு வெளியே போய்விடும். வீடியோவில் அந்தச் சமையல்காரர் இதை இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"உருகும்" என்றான்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், மிச்சத்துக்காகக் காத்திருப்பவள் போல. மிச்சம் வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், பதினொன்றையும் ஆவிப் பாத்திரத்தில் ஒவ்வொன்றாக அடுக்கி, கண்ணாடி மூடியைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்தில் நர்ஸின் விசும்பலும், ஹார்ன் அவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டன. அவன் போய் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் மேடையில் சாய்ந்து நின்றாள். தண்ணீர் கொதி வந்தது. கண்ணாடி மெல்லமெல்ல வெளுத்து, உள்ளே எது முழுசாக இருக்கிறது, எது கிழிந்துவிட்டது என்று தெரியாமல் போனது. மூடியின் உட்புறத்தில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, ஒவ்வொன்றாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தன.