கிண்ணம் வைத்த இடம்

மரத்தரைக்கு மேல் வினைல் என்கிற பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டுகிறவன் கையை முறிக்க வேண்டும் என்று குன்சான் ஊரில் பாதிப் பேர் காதில் விழும்படி சொல்லித் திரிந்தவன் மா தல்சு. அப்பேர்ப்பட்டவன் அந்த நவம்பர் காலையில் வினைல் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி மூச்சு வாங்க ஏறினான். கூப்பிட்டது ஒக்சிம். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவன் பெண்டாட்டி.

போனில் அவள் பேசியது இவ்வளவுதான்: "மா மேஸ்திரிங்களா? குக்சுவுக்கு முட்டி போயிடுச்சு. மரத்துல வழுக்கி வழுக்கி விழுது. மேல வினைல் போட்டுத் தரணும்." குக்சு அவர்கள் வளர்த்த நாய். ஊரில் வினைல் போட வேறு ஆளே இல்லையா என்ன? என்னை ஏன் கூப்பிட்டாள்? இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஐந்து இரவு புரண்டிருக்கிறான் மனுஷன். கத்தி, பட்டி, பசை, சிலிக்கான் எல்லாம் பைக்குள் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு மாற்றுச் சட்டையையும் சவரக்கத்தியையும் அடியில் செருகினான். ஒரு பேச்சுக்கு, "சாப்பிட்டுட்டு இருந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால்? ஆசைக்கு அளவு உண்டா!

கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாசலில் கிடந்த ஆம்பளை ஷூ. பெரிய, கறுப்பு ஷூ. யாருடையது என்று குனிந்து பார்க்கப் போனான். அதற்குள் குக்சு ஓடி வந்தது. ஓடி வந்தது என்பது பேச்சுக்குத்தான். பாதி வழியிலேயே நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு விழுந்தது, விழுந்த இடத்திலிருந்தே வாலை ஆட்டியது.

"அட என் ராஜா, இன்னும் என்னை ஞாபகம் இருக்காடா?"

"நாய்க்கு ஞாபகம் இருக்கும் மேஸ்திரி. மனுஷங்களுக்குத்தான் மறந்துரும்," என்றாள் ஒக்சிம். கொஞ்சம் இளைத்திருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள்.

"சோரா அம்மா, நல்லா இருக்கியா?"

"வீட்டுக்காரம்மான்னு கூப்பிடுங்க. வேலைக்கு வந்த இடத்துல எதுக்கு உறவு?"

சோரா அவர்கள் மகள். பூசானில் வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதுதான் தல்சு இந்தத் தரையைப் போட்டான். ஓக் மரப் பலகை. ஒவ்வொன்றையும் அவனே தேர்ந்தெடுத்து, கோடு பார்த்து, தட்டித் தட்டி ஒட்டியது. அதற்கு மேல் பிளாஸ்டிக் போட இப்போது அவனே வந்து நிற்கிறான்.

"மரத்துக்கு மேல வினைலான்னு குதிப்பீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?"

"நாய்க்காகப் போடறேன்."

"ஆமா, நாய்க்காகத்தான்," என்றாள் அவள்.

தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற வீடு; பாய்லரைப் போடச் சொன்னான். தரை சூடேறினால்தான் குளிரில் விறைத்த சுருள் படிந்து உட்காரும். சூடு ஏறுகிற நேரத்தில் காலுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கூடம் முழுக்க நடந்தான். அதுதான் அவன் வழக்கம். எந்தப் பலகை தூக்கியிருக்கிறது, எது உள்ளே பொள்ளலாக இருக்கிறது என்று குதிகால் சொல்லிவிடும். பழைய தரை மேடு பள்ளமாக இருந்தால் ஒரே மாதத்தில் வினைலில் அப்படியே எழும்பித் தெரியும். பொள்ளலுக்கு ஊசியால் பசை ஏற்றினான். இடுக்குகளுக்குப் பட்டி பூசினான். பால்கனி ஓரம் மழை நனைத்து வெடித்த ஒரு பலகையைப் பெயர்த்தான்.

"இதுக்கு மாத்துப் பலகை வேணும். கடையில இப்ப இது கிடைக்காது."

ஒக்சிம் பால்கனி அலமாரியிலிருந்து ஒரு பலகையை எடுத்து வந்து கொடுத்தாள். பதினேழு வருஷத்துக்கு முன்பு மிச்சமானது. துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவன் அறுத்துப் பொருத்தினான். கையகலத் துண்டு ஒன்று மீந்தது.

பிறகு உள்ளறைக்குப் போனான். சுவரோரம், சூட்டுக் குழாய் முதலில் நுழைகிற மூலை, வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம். கால் அங்கே போனதும் தானாக நின்றது. குனிந்து பார்த்தான். பலகையில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எத்தனை என்று எண்ண முடியாமல். சூடான சோற்றுக் கிண்ணத்தின் அடிவட்டம்.

வெளியே போன ஆள் வரும்வரை அவர் பங்குச் சோற்றை மூடிபோட்ட கிண்ணத்தில் வைத்து, அந்த மூலையில் மெத்தைக்கு அடியில் செருகி வைப்பது ஒக்சிம் அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம். அப்படி வைத்தால், எங்கே இருந்தாலும் அந்த ஆள் பசியோடு இருக்க மாட்டாராம். ஆனால் ஜேஜு தீவில் ஒரு ஓட்டலுக்குத் தரை போடும் வேலைக்குக் கிளம்பும் முந்தின வாரம்தான் தல்சு இந்த அறைக்குப் புது மெருகு பூசினான். அப்போது ஒரு கீறல்கூட இல்லை. இரண்டே மாத வேலை என்று போனவன் நாலு வருஷம் தங்கினான். போனில் சண்டை, பிறகு போனே இல்லை, பிறகு கோர்ட்டு, கையெழுத்து. அப்படியென்றால் இந்த வட்டங்கள் யாருக்கு?

வாசலில் கிடந்த கறுப்பு ஷூ கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அவனா மூடுவான்?

"யாருக்குச் சோறு எடுத்து வைக்கிற?"

"என்னது?"

"கேக்கறேன்ல? அந்த ஷூக்காரனுக்கா?"

ஒக்சிம் அவனையே பார்த்தாள். பிறகு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"அட மடையா! தனியா இருக்கிற பொம்பளை திருட்டுப் பயத்துக்கு வாசல்ல ஆம்பளை ஷூ வைக்காம வேற என்னத்த வைப்பா? சந்தையில வாங்கினேன். கடைக்காரன் சைஸ் கேட்டான், வாயில வந்ததைச் சொன்னேன். போய்ப் போட்டுப் பாருங்க, உங்க காலுக்குச் சரியா இருக்கும்."

அவன் குனிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டு குளிர்காலம் வச்சேன்," என்றாள். "தினமும். அடியில துணி போடணும்னுகூடத் தோணல. மறுநாள் காலையில குக்சுதான் தின்னும். கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு வந்த அன்னைக்கும் வச்சேன், கைப்பழக்கம். அன்னைக்கு அதை எடுத்து நானே தின்னேன். அதோட சரி."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீங்க பண்ணியிருக்கலாம்ல?"

அவன் பட்டிக் கத்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். அவளே தொடர்ந்தாள்.

"தரை துடைக்கும்போதெல்லாம் இது கண்ல குத்துது. வேற ஆளைக் கூப்பிட்டா அவன் பாட்டுக்கு மூடிட்டுப் போயிருவான். நீங்க ஒருவாட்டி பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தாச்சுல்ல? மூடுங்க."

மேடு பள்ளம்தான் வினைலில் எழும்பித் தெரியும். கறைக்கு மேடு ஏது? மூடினால் மூடினதுதான். தல்சு அந்த மூலையை நாலு தரம் ஈரத்துணியால் துடைத்தான், தேவையே இல்லாமல். சுருளைப் பிரித்தான். அது அறை முழுக்க உருண்டு விரிந்து, சூட்டில் மெல்ல இளகி, வட்டங்களின் மேல் படிந்தது. முழங்காலால் நகர்ந்து நகர்ந்து காற்றை வெளியே தள்ளினான். அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். நாலு வருஷம் ஜேஜுவில் ஆறின சோற்றைத் தின்றவனுக்கு, இங்கே தினம் ஒரு கிண்ணம் சூடாகக் காத்திருந்தது என்று இன்றைக்குத்தானே தெரிகிறது!

மதியம் அவள் ஜாஜாங் நூடுல்ஸ் வரவழைத்தாள். தரையில் செய்தித்தாள் விரித்து, எதிரெதிரே உட்கார்ந்து உறிஞ்சினார்கள். அவனுடைய கிண்ணத்தில் வெங்காயத்தைக் கேட்காமலே கூடுதலாகப் போட்டாள். மிச்ச அறைகளுக்கு ஓரம் வெட்டி, இடுக்கில் சிலிக்கான் பசை இழுத்து முடிக்கும்போது மணி நாலு.

"ரெண்டு நாளைக்கு பாய்லரைக் கம்மியா வைங்க," என்றான் வாசலில் நின்று. அவனுக்கும் மரியாதை வந்துவிட்டது. "கனமான சாமானை இழுக்க வேணாம். சூடான கிண்ணத்தை நேரா தரையில வைக்காதீங்க, வினைல் சுருங்கிரும்."

"யாருக்கு வைக்கப் போறேன்?"

தல்சு பையைத் திறந்தான். மாற்றுச் சட்டைக்கு மேல் கிடந்த அந்தக் கையகல ஓக் துண்டை எடுத்தான். மதியமே ஓரங்களைத் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருந்தான்.

"இதுமேல வைக்கலாம்."

"யாருக்குன்னு கேட்டேன்."

இப்போதும் சொல்லாவிட்டால் என்றைக்குத்தான் சொல்வது?

"எனக்கு. இப்ப இந்த ஊர்லதான் இருக்கேன். ஏழு மணிக்குள்ள வேலை முடிஞ்சிரும்."

ஒக்சிம் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷம் நாய்க்குப் போட்டாச்சு," என்றாள். "இனிமே வச்சா, ஆறிப்போறதுக்குள்ள வர்ற ஆளுக்குத்தான் வைப்பேன். பாத்துப் போங்க சோரா அப்பா."

குக்சு கதவு வரை ஓடி வந்தது. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. கதவு மூடியது.

மூன்றாவது மாடி இறங்கிய பிறகுதான் அவள் கடைசியாக எப்படிக் கூப்பிட்டாள் என்பது அவனுக்கு உறைத்தது. காலையிலிருந்து மேஸ்திரி, மேஸ்திரி என்றவள்.

ஏழு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. போவதற்கு அவனுக்கு ஒரு வாடகை அறை இருந்தது. போகவில்லை. கட்டடத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில், கடற்காற்று எலும்பைத் துளைக்க, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இருட்டியது. ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. ஆறே முக்காலுக்கு நாலாவது மாடிச் சமையலறை ஜன்னலில் ஆவி படிந்தது.

அவன் எழுந்து படியேறினான்.