வலை மேலே வரும்வரை

மாயிஸ் தன் தலைத்துணியை அவிழ்த்து, பஹிலாயின் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகுவதற்குள் வாசலில் மகனின் குரல் கேட்டது.

"அம்மா! பெரிய கடப்பாரை எங்க? நேத்து இங்கதான வச்சேன்?"

"பனிக்கட்டி அடுக்குக்குப் பின்னால பாரு!"

தினமும் கத்துகிற அதே கத்தல். அது தன் தொண்டையிலிருந்து அப்படியே வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. புருஷன் செத்து ஒரு கோப்பை தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

"கிடைச்சிருச்சு. அப்பா முழிச்சாச்சா? ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

"பூட்ஸோட உள்ள காலை வச்சே, காலை ஒடிச்சிருவேன்! இப்பத்தான் தரையைத் துடைச்சேன். ராத்திரி முழுக்க இருமிட்டு இப்பத்தான் கண்ணசந்திருக்காரு. ஊரே ஏரியில நிக்குது, தலைவன் இங்க நின்னு கொஞ்சிக்கிட்டிருக்கான். போடா!"

அயால் சிரித்தது கேட்டது. பிறகு பனிவண்டி உறுமிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனது. அவள் தரையைத் துடைக்கவே இல்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"கிழவா, இது உனக்கே நல்லா இருக்கா? பெத்த பிள்ளையை வாசலோட விரட்டிட்டேன்" என்றாள்.

செய்யச் சொன்னதே அவர்தான். முந்தாநாள், கஞ்சி குடிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு அடம்பிடித்த மனிதர், திடீரென்று வாயைத் திறந்தார்.

"கிழவி, நான் போற நாளும் முன்ஹா நாளும் ஒண்ணா வந்துச்சுன்னு வையி..."

"வாயைக் கழுவு."

"குறுக்க பேசாத. வலை மேல வர்ற வரைக்கும் நீ வாயைத் தொறக்கக் கூடாது. அயால்கிட்டக்கூடச் சொல்லாத."

"ஆத்தாவை ஏமாத்தச் சொல்றியா?"

ஏரியை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அது ஆத்தாதான்.

"அவளுக்குத் தெரியாம நான் எங்க போய்ச் சாகறது? அவளுக்கு எல்லாம் தெரியும். ஊருக்குத்தான் தெரியக் கூடாது" என்றார் பஹிலாய்.

காரணம் இல்லாமல் இல்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள், உறைந்த ஏரிக்கு அடியில் ஊரே கூடி வலை இழுக்கும் முன்ஹாவுக்குப் போகக் கூடாது. பிணத்தைப் பார்த்தவர்களும் வலையைத் தொடக் கூடாது. தொட்டால் மீன் அண்டாது என்பது ஊறிப்போன பழக்கம். ஊரிலோ பஹிலாய்க்குச் சொந்தமில்லாதவர் யார்? பாதிப் பேர் பங்காளி, மீதிப் பேர் சம்பந்தி. செய்தி தெரிந்தால் வலையைத் தள்ளும் கழியை நின்ற இடத்தில் போட்டுவிட்டு அத்தனை பேரும் கரையேறிவிடுவார்கள். வலை பனிக்கு அடியில் பாதி வழியில் உறைந்து நிற்கும். இன்னும் சில நாளில் கெண்டைகள் சேற்றுக்குள் புதைந்துவிடும், அப்புறம் எந்த வலைக்கும் வராது. ஊர் முழுவதும் வசந்தம் வரை மீன் இல்லாமல் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை வருஷம் பஹிலாய் நின்ற இடத்தில் இன்றைக்கு முதல் தடவையாக அயால் நிற்கிறான். முதல் வலையே வெறுமனே வந்தால் அவனை இந்த ஊர் என்ன பாடு படுத்தும் என்று அவளுக்குத் தெரியும்.

நல்ல வேளை, தீக்குப் போடுகிற அப்பத்தை நேற்று மாலையே சுட்டுக் கூடையில் கட்டி வெளிநடையில் வைத்துவிட்டாள். வலைத்தலைவன் வீட்டு அப்பம்தான் கரையில் மூட்டும் தீக்கு முதலில் போகவேண்டும். உயிருள்ள வீட்டில் சுட்ட அப்பம், அதில் தீட்டு ஏது? ஆனால் ஒரு குற்றம் இருந்தது. முதலில் வெந்த அப்பம் தீக்கு உரியது. அது வெண்ணெயில் பொரிகிற வாசனைக்குக் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாள் கணக்காகச் சாப்பிடாதவர், கட்டிலோரத்து ஜன்னலில் டம்ளருக்குள் கிடந்த பல் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "இங்க குடு" என்று கையை நீட்டினார்.

"அது தீக்கு!"

"தீ எங்க ஓடிப் போகுது? நான்தான் போறேன்" என்றார்.

தின்றார். விரலையும் நக்கினார். பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, திருட்டுப் பூனை மாதிரி சிரித்துக்கொண்டே படுத்தார். அதை நினைத்ததும் மாயிஸுக்கு இப்போதும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

அப்போது கதவு திறந்தது. தட்டாமல் திறந்தால் அது ஒக்சூதான்.

"மதினி! அப்பக் கூடை எங்க? உய்பான் டிராக்டரோட நிக்கிறான். என்னை ஏன் அனுப்புறாங்கன்னு கேக்காத, வீடு பக்கத்துல இருக்குன்னு என் தலையில கட்டிட்டாங்க!"

ஒக்சூ பஹிலாயின் சித்தப்பா மகள். வாய் ஓயாதவள். போன வருஷம் வலை இழுக்கும்போது பனித்துளையை எட்டிப் பார்த்துக்கொண்டு அவள் விடாமல் பேச, கழி உடைந்த எரிச்சலில் இருந்த பஹிலாய், "உன் வாய்க்குப் பயந்தே மீனெல்லாம் அடுத்த ஏரிக்கு ஓடிருச்சு!" என்று ஊர் நடுவில் கத்திவிட்டார். வலையும் அந்த முறை அரைகுறையாகத்தான் வந்தது. அன்றிலிருந்து ஒக்சூ இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் மாட்டிடம் பேசுகிற சாக்கில் ஒரு வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"கூடை நடையிலதான் இருக்கு, எடுத்துக்கோ" என்று மாயிஸ் அவசரமாகச் சொன்னாள்.

ஒக்சூ அதற்குள் திரைச்சீலையை விலக்கிவிட்டாள்.

"கிட்டப் போகாத! அவருக்குப் பல் வலி!" மாயிஸின் வாயில் வந்தது அதுதான். "அதான் துணி கட்டியிருக்கேன். பேச முடியாது."

"பேச முடியாதா?" ஒக்சூவின் முகம் மலர்ந்தது. "இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்ப கிடைக்கும்?"

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தடுத்தால் சந்தேகம் வரும். மாயிஸ் அடுப்புப் பக்கம் திரும்பி, இல்லாத வேலை ஒன்றைச் செய்தாள்.

"பஹிலாய் அண்ணே! கண்ணை மூடிக்கிட்டா நான் போயிருவேனாக்கும்? 'ஒக்சூ வர்றா, மீனைப் பிடிச்சுக்கோ'ன்னு தெருவுல போற சின்னப் பயகூடச் சொல்றான். என் சம்பந்தி வீடு வரைக்கும் போயிருச்சு இந்தக் கதை. நல்லா இருக்கியா நீ? நீ நல்லா இருக்கமாட்டேன்னுதான் மாட்டுக்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். பால் கறக்குறதே குறைஞ்சு போச்சு, பாவம், அதுக்கே உன் மேல வெறுப்பு வந்திருச்சு." மூச்சு வாங்கிக்கொண்டாள். குரல் இறங்கியது. "கோவம் எப்பவோ போயிருச்சுண்ணே. வந்து சொல்ல வெட்கம். வேலிக்கு மேல ஒரு தடவை 'வா ஒக்சூ'ன்னு நீ கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். நீயும் கூப்பிடல, நானும்..."

பேச்சு நின்றது. ஒக்சூவின் பேச்சு நடுவாக்கியத்தில் நின்று மாயிஸ் கேட்டதே இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒக்சூ திரைக்கு வெளியே வந்தாள். ஊற்றி வைத்த தேநீரைத் தொடவில்லை. அடுப்பருகே போய்க் காற்றுக் கதவை அடைத்தாள்.

"ரொம்ப வெக்கையா இருக்கு மதினி. தணிச்சே வையி" என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் கூடையைக் கையில் எடுக்காமல், உய்பானைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னாள். இவ்வளவு பேசியும் அண்ணன் ஒரு முனகல்கூடக் கொடுக்கவில்லை என்று மனசு நொந்துவிட்டாள் போலும் என்று மாயிஸ் நினைத்தாள். பாவமாக இருந்தது. சொல்லவும் முடியாது.

அதன் பிறகு ஏரிப் பக்கத்து ஜன்னல்தான். கண்ணாடியில் பூத்த பனியை உள்ளங்கை அளவுக்குச் சுரண்டிவிட்டு, முக்காலியைப் போட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஆட்கள் எள்ளு மாதிரித் தெரிந்தார்கள். யார் யார் என்று தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைப் புருஷனுக்குச் சொன்னாள்.

"வலையை இறக்கிட்டாங்க. கழி ரெண்டு பக்கமும் துளைக்குத் துளை போகுது... இடது பக்கம் பிந்துது. ஏன் பிந்துது? அந்தப் பக்கம் யாரை விட்டான் உன் பிள்ளை? ஆ, வந்திருச்சு. மீனை விரட்டத் தண்ணியைக் கலக்குறவங்க வரிசையா நிக்குறாங்க. நல்லாக் கலக்குறாங்க கிழவா, ஆடற மாதிரி இருக்கு."

வெளுப்பாக வந்த சூரியன் காட்டு விளிம்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கத் தொடங்கியது. ஏரியில் எல்லாரும் தூரத்து முனையில், வலை வெளியே வருகிற பெரிய துளையைச் சுற்றிக் கூடினார்கள். அப்புறம் அசைவே இல்லை. மாயிஸ் கையைப் பிசைந்தாள். பொய் சொல்லியாயிற்று. ஆத்தாவின் காதிலும் அது விழுந்திருக்கும். வலை வெறுமனே வந்தால் அது அயாலின் குற்றம் இல்லை, பிணத்தைத் துணியால் கட்டி வைத்துக்கொண்டு பல் வலி என்று சொன்னவளின் குற்றம். யாரிடம் போய் அதைச் சொல்வாள்?

"ஆத்தா, அந்த மனுஷன் அப்பத்தைத் தின்னது தப்புத்தான். அதை என் கணக்குல வச்சுக்கோ. பிள்ளையை விட்டுரு" என்றாள்.

சத்தம் மெல்லத்தான் வந்தது. காற்றில்லாத குளிரில் அது பனிமேல் உருண்டு உருண்டு வீடு வரைக்கும் வந்தது.

"உருய்! உருய்! உருய்!"

வெறும் வலைக்கு யாரும் அப்படிக் கூவமாட்டார்கள். மாயிஸ் எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. கட்டிலுக்கு ஓடிப் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"கேட்டியா கிழவா! கேட்டுச்சா உனக்கு!"

காலையிலிருந்து அடக்கிய அழுகை அப்போது வந்தது. வாய்விட்டு அழுதாள். சந்தோஷமாக அழுதாள்.

அயால் வரும்போது அவள் முகம் கழுவியிருந்தாள். அவன் இமையெல்லாம் வெள்ளை பூத்து, பூட்ஸ் போட்ட காலோடு உள்ளே வந்து மூட்டையைக் கவிழ்த்தான். மேலெல்லாம் உறைந்த கெண்டைகள் விறகு மாதிரிக் கடகடவென்று தரையில் விழுந்தன.

"அப்பா பங்கு! கிழவன் கிழவிக்கெல்லாம் முதல்ல எடுத்து வச்சோம். அம்மா, நீ பாத்திருக்கணும்! கரண்டி போட்டு அள்ள அள்ள வருது. உய்பான் மாமா அழுதுட்டாரு. ஒவ்வொண்ணும் என் கை அகலம். அப்பாவை எழுப்பு, நான் சொன்னாத்தான் நம்புவாரு."

"இரு. மூச்சு விடு."

"அப்பா போன வருஷம் சொன்னாருல்ல? அது நிஜம்தான் போல!" அயால் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒக்சூ அத்தை இன்னைக்கு வாயே தொறக்கல. ஒரு வார்த்தைகூட! வலைப் பக்கமே வரல. கரையில தீக்கும் தள்ளி, தனியா உட்கார்ந்திருந்தாங்க. அப்பத்தைக்கூட உய்பான் மாமாவைத்தான் போடச் சொல்லிக் கை காட்டினாங்க. என்னாச்சு அத்தைன்னு கேட்டா, தாடையைச் சுத்தித் துணியைக் கட்டிக்கிட்டு இப்படி இப்படிக் காட்டுறாங்க. பல் வலியாம்!"

மாயிஸின் பார்வை மெல்லத் திரை இடுக்கு வழியே கட்டிலோரத்து ஜன்னலுக்குப் போனது. கட்டிலுக்கு மேலே, ஒக்சூ காலையில் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, டம்ளருக்குள் பஹிலாயின் பற்கள் மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக முழுசாகச் சிரித்துக்கொண்டு கிடந்தன.

பல்லே இல்லாத மனுஷனுக்குப் பல் வலி.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மீன்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். அயாலும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் மெதுவாகச் சிரிப்பை நிறுத்தினான்.

"பூட்ஸைக் கழட்டு ராசா. கழட்டிட்டு அப்பாகிட்டப் போ" என்றாள் மாயிஸ்.

அவன் கழற்றினான். திரைக்குப் பின்னால் போனான்.

"எப்பம்மா?"

"நீ கடப்பாரை கேட்டப்ப."

"அவருதான் சொல்லச் சொன்னாரா... சொல்ல வேண்டாம்னு?"

"வேற யாருக்கு இந்தப் புத்தி வரும்? நான் உன்னை உள்ள விடாததுக்கு என்னைத் திட்டிக்கோடா."

அவன் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம், "அப்பா, வலை நிறைஞ்சு வந்துச்சுப்பா" என்று சொல்வது கேட்டது.

கதவு தட்டும் சத்தம். ஒக்சூ தட்டினாள். முதல் தடவையாகத் தட்டிவிட்டு, தாடையைச் சுற்றிய துணியோடு நிலைப்படியிலேயே நின்றாள். மாயிஸ் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வா ஒக்சூ. வலை மேல வந்தாச்சு. இனிமே பேசலாம்."

ஒக்சூ நேரே போய்க் கவிழ்ந்து கிடந்த முக்காலியை நிமிர்த்திக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சிட்ட போ!" என்றாள் பஹிலாயிடம். "நான் பேசாம இருந்ததுக்குத்தான் மீன் விழுந்துச்சுன்னு ஊரே சொல்லுது. இனி சாகுற வரைக்கும் என் பேரு அதுதான். இருக்கட்டும். காலையிலேர்ந்து என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், கேளு. இடது பக்கக் கழி மாட்டிக்கிச்சா..."

மாயிஸ் கெண்டைகளை அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். ஒக்சூ முதல் துளையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துளையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் நடு ஏரிக்கு வந்தபோது, தொட்டியில் பனி விட்ட மீன் ஒன்று வாலை அடித்தது. தண்ணீர் தெறித்துத் தரை நனைந்தது. மாயிஸ் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.