இரண்டாம் வரியை அழுத்தியவன்

1

உங்கள் வீட்டு ஆள் செத்துப்போனார் என்று டிவிதான் உங்களுக்கு முதலில் சொன்னால், யாரைப் போய்க் கேட்பீர்கள்?

இது ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. சின்ன வயதில் நான் பார்த்த ஒரு சிரிப்புப் படம். அதில் டிவி நிருபர், வெள்ளத்தில் வீடு போன பெண்ணிடம், "அழுகை சரியா விழலம்மா, இன்னொரு தடவ" என்பான். தியேட்டரே குலுங்கியது. இப்போது அதைப் பார்த்தால் ஏன் சிரிப்பு வருவதில்லை என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியில், நம்முடைய ஊடகங்கள் இன்று...

(இங்கே நிறுத்திவிட்டேன். 'நம்முடைய ஊடகங்கள்' என்ன, நான்தான்.)

2

ஊரை விட்டு வந்து பதினோரு வருஷம். ஒரு செய்தி சேனலில், திரைக்கு அடியில் ஓடும் எழுத்தை அடிப்பது என் வேலை. யாராவது எங்காவது சிக்கிக்கொண்டால் முன்கூட்டியே இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். முதல் வரியில் அவர் பிழைப்பார். இரண்டாம் வரியில் இறப்பார். தகவல் வந்ததும் ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

எடிட்டர் அந்தப் பட வசனத்தை அடிக்கடி சொல்வார். முதலில் கிண்டலாகச் சொன்னார். பிறகு வேலையாகச் சொன்னார்.

3

ஒரு மத்தியானம் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் லிஃப்ட் குழிக்குள் சிக்கினார். அவர் மனைவியை எங்கள் கார் ஸ்டுடியோவுக்கு அள்ளிக்கொண்டு வந்தது. மூன்றரைக்குப் போட்டி சேனல் 'மரணம்' என்று போட்டது.

"அவன் போட்டுட்டான்! நீ என்னய்யா பூப்பறிச்சிட்டிருக்க? ரெண்ட அழுத்து!" என்று கத்தினார் எடிட்டர்.

"இன்னும் ஆளையே வெளிய எடுக்கலையேண்ணே."

"எடுக்கற வரைக்கும் ஜனங்க அவனத்தான் பாப்பாங்க. பெரிய நீதிபதி இவரு. அழுத்துய்யா!"

(முதல் பிரதியில், 'நான் மறுத்துவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. பொய்.)

அழுத்தினேன்.

4

அந்தம்மாவுக்கு எதிரே ஒரு டிவி இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. (யோசித்தார்கள். கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை.) அவர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். அழவில்லை.

"இத யாரு எழுதுனது?"

செய்தி வாசிக்கும் பெண், "அம்மா, கொஞ்சம் கேமராவப் பாத்து..." என்றாள்.

"ஒன்னக் கேக்கலம்மா. எழுதுன ஆள வரச் சொல்லு. எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கணும்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பத்தடியில் நான்.

"அசையாத" என்று எடிட்டர் என் தோளில் கை வைத்தார். அவர் கை அப்படியொன்றும் கனமாக இல்லை.

5

முடிவு ஒன்று: எழுந்து போய், "நான்தாம்மா" என்கிறேன். அவர் என்னை அறைகிறார். (இதற்குத்தான் ஆசைப்பட்டேன்.)

முடிவு இரண்டு: அவரே தடுப்பைத் தாண்டி வந்து, என் கையைப் பார்த்து...

வேண்டாம். என்னால் முடியவில்லை. எது நியாயமோ அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு மெக்கானிக்கை உயிரோடு தூக்கினார்கள். இரண்டு காலும் முறிந்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தம்மா எங்கள் அலுவலக வரவேற்பறையில் வந்து உட்கார்ந்து, எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றார். நான் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன்.